2024–25 ஆண்டறிக்கை: பேட்டரிக்கு முன் ஆல்டர்நேட்டரைப் பாருங்கள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான, காடு மேடு ஓட்டும் நம் ஜீப் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் எதுவும் இல்லை. சூடான சமோசாவுக்கு அதில் பங்கு உண்டு. செஞ்சிப் பக்கமும் திருவக்கரைப் பக்கமும் போன பயணங்கள் நல்லபடியாக முடிந்தன. கடற்கரை மணலிலும் பிச்சாவரம் அலையாத்தி ஓரத்திலும் வண்டி இறக்குவதில்லை என்ற நம் விதியை எல்லோரும் மதித்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மிச்சமெல்லாம் பேட்டரிதான். "அண்ணே, செல்ஃப் எடுக்கல. போன வருஷம்தான் ஏஜிஎம் போட்டேன்." இந்த ஆண்டு என் போனுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஏஜிஎம் என்ற, ஆசிட் தளும்பாத இந்த வகை பேட்டரிக்குச் சாதாரண பேட்டரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்தவருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் கோபம் பேட்டரி மேலா, வண்டி மேலா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கும்படி செயற்குழு சொன்னது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊரருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை புரண்டது. பாகூரும் கடலூரும் தண்ணீரில் நின்றன. குடிநீரும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஏற்றிக்கொண்டு போன உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அந்த வண்டிகளின் பேட்டரிகள் தாக்குப்பிடித்தன. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, அப்புறம் பொங்கல் வரை தொடாமல் விட்ட வண்டிகளில்தான் பேட்டரி போனது.

கணக்கு எளிது. இன்றைய வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் கடிகாரம், அலாரம், கணினி எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், 30 நாளில் 36. உங்களிடம் இருப்பது 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி. இதன் மேல் ஜிபிஎஸ் கருவியும், நிறுத்தியபோதும் ஓடும் டேஷ்கேமும் இருந்தால் அதில் பாதி நாட்களிலேயே அந்த நிலை வந்துவிடும். காலியாகவே கிடக்கும் லெட் (ஈய) பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகும். இறுகிய பின் எந்த சார்ஜரும் அதை முழுதாகக் கரைப்பதில்லை. ஏஜிஎம் தானாக இழக்கும் சார்ஜ் குறைவு என்று பெட்டி மேல் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது கேபிளைக் கழற்றி வைத்த பேட்டரிக்குப் பொருந்தும் கணக்கு. வண்டியில் மாட்டியிருக்கும் பேட்டரிக்கு அல்ல.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஏஜிஎம்மும் லெட்-ஆசிட் பேட்டரிதான். ஆசிட் உள்ளே தளும்பாமல், தட்டுகளுக்கு நடுவே இறுக்கி வைத்த கண்ணாடி இழை விரிப்பில், விளக்குத் திரியில் எண்ணெய் நிற்பது போல ஊறி நிற்கும். 1972இல் அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் நிறுவனம் காப்புரிமை எடுத்த முறை இது. தட்டும் விரிப்பும் நெருக்கி அடைத்திருப்பதால் குலுக்கலில் தட்டின் பூச்சு எளிதில் உதிராது. வண்டி சாய்ந்தாலும் ஆசிட் கொட்டாது. சார்ஜ் ஆகும்போது வரும் ஆக்சிஜன் உள்ளேயே மறுபடி தண்ணீராகச் சேர்ந்துவிடுவதால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. ஊற்றவும் வழி இல்லை. நன்மையும் ஆபத்தும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது. அதிக சார்ஜில் வால்வு வழியாக வெளியேறிய தண்ணீர் போனது போனதுதான்.

மழைக்காலத்துக்கு முன்பு முதலியார்பேட்டையில், உறுப்பினர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில், மல்டிமீட்டரும் லோடு டெஸ்டரும் வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினோம். இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பேட்டரியைச் சோதிக்க வந்தவர்களிடம் முதலில் இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜைக் காட்டச் சொன்னோம். ஏஜிஎம் முழுதாக ஏற 14.4 முதல் 14.7 வோல்ட் வரை வேண்டும். பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர் வகை வண்டிகளில் சில, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டதும் 13.8ஐத் தாண்டவில்லை. அந்த வண்டியில் எவ்வளவு விலையுயர்ந்த ஏஜிஎம் போட்டாலும் அது நாள் முழுக்க அரைப் பசியோடுதான் ஓடும். ஒரு வருடத்தில் செத்தால் பேட்டரி என்ன செய்யும்? அந்த உறுப்பினர்களுக்குச் செயற்குழு சொன்னது இதுதான்: ரெகுலேட்டரையும் எர்த் கேபிளையும் சரி செய்யுங்கள், அதற்கு மனமில்லை என்றால் தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியே உங்களுக்கு உத்தமம். நம்மில் பாதிப் பேருக்கு ஏஜிஎம் தேவையே இல்லை என்பது என் சொந்தக் கருத்து. தலைவர் இதை ஏற்கவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

புது வண்டிகளில் சிக்கல் வேறு மாதிரி. நெகட்டிவ் டெர்மினலில் சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், ஆல்டர்நேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), விளக்கு, கம்ப்ரசர் மாட்டும்போது எர்த்தை நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுத்தால், அந்த மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். எர்த்தைச் சேசிஸில் கொடுங்கள். சிக்னலில் இன்ஜின் தானே நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியோடு வந்த வண்டியில் கம்பெனி ஏஜிஎம் போட்டிருந்தால் மறுபடி ஏஜிஎம்தான். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் முதலில் கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் சிசிஏ எண். மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பது அதன் பொருள். மைனஸ் 18 லடாக் போகிறவர்களுக்கு உதவும். வில்லியனூரில் மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டரே அதிகம். அந்த எண் பேட்டரியின் வலுவைக் காட்டும் என்பது சரி. ஆனால் வின்ச்சும் கேம்ப் விளக்கும் குட்டி ஃப்ரிட்ஜும் வைத்திருப்பவர் ரிசர்வ் கெப்பாசிட்டியைக் கேளுங்கள். 25 ஆம்பியர் இழுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது அது.

அடுத்து, மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று எழுதியிருப்பதெல்லாம் ஏஜிஎம் அல்ல. மூடி திறக்க முடியாத சாதாரண ஆசிட் பேட்டரிகளும் அதே பெயரில்தான் விற்கின்றன. லேபிளில் ஏஜிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள்: முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஏஜிஎம் 12.8க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.5க்கு இறங்கியிருந்தால் அது அலமாரியில் வெகுநாள் தூங்கிய சரக்கு, வேறு கேளுங்கள். தயாரித்த தேதியைப் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரையே படிக்கச் சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

யுபிஎஸ் பேட்டரி பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அலுவலகங்களில் மாற்றிப் போட்ட பழைய யுபிஎஸ் பேட்டரிகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. அவையும் பெரும்பாலும் ஏஜிஎம்தான், பொய் இல்லை. ஆனால் ஏசி அறையில் ஆண்டுக்கணக்கில் மிதவை சார்ஜில் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் மெல்லிய சார்ஜ்) உட்கார்ந்திருக்கச் செய்தவை அவை. செல்ஃப் அடிக்கவோ செம்மண் குழியில் குலுங்கவோ செய்தவை அல்ல. டெர்மினலும் போல்ட் வகை. நம் கிளாம்ப் அதில் உட்காராது. அதில் ஆணியைச் செருகி இறுக்கிக் கொண்டுவந்த நண்பரின் வண்டியை முகாமில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த இணைப்பு என்றால் தீ.

வின்ச் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 9500 பவுண்டு வகை வின்ச், முழு இழுவையில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆல்டர்நேட்டர் தருவது 100 சொச்சம். மீதி பேட்டரியிலிருந்து போகிறது. ஆகவே இன்ஜின் ஓட்டத்திலேயே, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். வோல்டேஜ் விழுந்தால் மோட்டாரும் சூடாகும். சேற்றிலிருந்து வெளியே வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு போட்டோ எடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இரண்டாவது பேட்டரி வைப்பவர்களுக்கு: முன்னதற்கும் பின்னதற்கும் நடுவே வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே, பழைய வகை ஆல்டர்நேட்டருக்குப் போதும். வோல்டேஜை இறக்கும் புது வகைக்கு, அதை வேண்டிய அளவுக்கு ஏற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். எதுவானாலும் இரண்டு பேட்டரிப் பக்கமும் ஃபியூஸ் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்காதீர்கள். ஏஜிஎம்முக்கும் வால்வு இருக்கிறது. திறந்தால் வருவது ஹைட்ரஜன். படுக்க வைத்தும் பொருத்தலாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தலைகீழாக மட்டும் கூடாது. லித்தியம் பற்றிச் சிலர் கேட்டார்கள். பானட்டுக்குள் அந்தச் சூட்டில் அதை வைக்கச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. கேபினுக்குள் இரண்டாவது பேட்டரியாக வைப்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது.

பராமரிப்பில் நம் ஊருக்கு இரண்டு எதிரிகள், உப்புக் காற்றும் வெயிலும். உப்புக்கு வேலை கைக்குள் இருக்கிறது. டெர்மினலில் பூத்ததை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, கிளாம்ப்பை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியைப் பிடிக்கும் அடிப்பட்டையையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்; தளர்ந்திருந்தால் குலுக்கலைத் தாங்கும் ஏஜிஎம்மும் தாங்காது. கழுவிய பின்னும் ஒரே டெர்மினலில் திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே சீல் விட்டிருக்கலாம், அல்லது சார்ஜ் மிஞ்சுகிறது.

வெயில் கொஞ்சம் கடினம். பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழைய கணக்கு. சார்ஜ் வோல்டேஜ் அட்டவணைகள் 25 டிகிரிக்கு எழுதியவை. நம் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 0.3 வோல்ட் அளவுக்குக் குறைத்தே சார்ஜ் செய்ய வேண்டும். வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரை ஏன் வாங்கினோம் என்று பொருளாளர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை இரவு முழுக்க மாட்டிவிட்டுத் தூங்கினால் ஏஜிஎம் சூடாகும், சூட்டில் இன்னும் அதிகம் இழுக்கும், கடைசியில் வயிறு உப்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆட்களை விலக்குங்கள்.

செஞ்சி வரை ஓட்டிப் போனால் பேட்டரி நிறைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதி காலியான பேட்டரி முக்கால், மிஞ்சினால் 80 சதவீதம் வரை ஏறும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் வேண்டும். அது வீட்டில் சார்ஜரில் மட்டுமே நடக்கும். மாதம் ஒருமுறை ஓர் இரவு மாட்டுங்கள். வண்டியை எடுக்காத மாதங்களில் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்; கழற்றக் கூடாத வண்டி என்றால் மிதவை சார்ஜில் விடுங்கள். முழுதும் செத்த ஏஜிஎம்மைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அடையாளமே காணாது. நல்ல பேட்டரி ஒன்றை இணையாக இணைத்துச் சிறிது நேரம் கொடுத்து, வோல்டேஜ் ஏறியதும் சார்ஜரை மாட்டினால் சில பிழைக்கின்றன. கையை மேலே வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

பழைய பேட்டரியைக் குப்பைவண்டிக்காரரிடமோ தள்ளுவண்டிக்காரரிடமோ போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். புதிது வாங்கும் கடையில் கொடுத்து, விலையில் கழித்து, ரசீது வாங்குங்கள்.

பொதுக்குழுவின் முடிவுக்கு மூன்று விஷயங்கள். மொத்தமாக ஏஜிஎம் வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. வண்டிக்கு வண்டி தேவை வேறு என்பதும், எல்லோருக்கும் ஒரே நாளில் வாங்கினால் பாதி சரக்கு அலமாரியில் தூங்கும் என்பதும் காரணம். வேண்டுமானால் இங்கே ஓட்டெடுப்பு நடத்தலாம். இரண்டாவது, சோதனை முகாமை ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஒன்று கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் நடத்த ஒப்புதல் வேண்டும். மூன்றாவது, சங்கத்தின் சார்ஜர் ஒன்றுதான். அதைக் கொண்டுபோனவர் யார் என்ற சண்டை இந்த ஆண்டு மூன்று வாட்சாப் குழுக்களில் ஓடியது. இன்னொன்று வாங்கவும், பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்து ஒரு வாரத்தில் திருப்பித் தரவும் விதி செய்ய வேண்டுகிறேன். இப்போது அந்தச் சார்ஜர் யாரிடம் இருக்கிறதோ அவர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்