அண்ணனுக்கு, சாணை மெஷின் பற்றி

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? மழைக்கு கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதாக அண்ணி போனில் சொன்னார்கள். பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கம் வண்டியை விடாதே. நேரமானாலும் பரவாயில்லை, சுற்றிக்கொண்டே போ.

இங்கே குளிர் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு அறை. பக்கத்திலேயே தமிழ்க் கடைகள் இருப்பதால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலையும் பரவாயில்லை. ஆனால் கம்பெனியில் டூல் மழுங்கினால் அதன் வெட்டு முனையான இன்செர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டச் சொல்கிறார்கள். உன் பட்டறையில் டிரில் பிட்டுக்குச் சாணை பிடித்துப் பழகிய கைக்கு அது போதவில்லை. அதனால்தான் மேசையில் வைத்துச் சாணை பிடிக்கும் ஒரு பழைய பெஞ்ச் கிரைண்டர் வாங்கினேன். போனில் நீ கேட்டபோது விவரமாகச் சொல்ல நேரமில்லை, இப்போது எழுதுகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறார். வாசலில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். அதில் இது கிடந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, இரண்டு பக்கமும் ஆறு அங்குலக் கல். 40 டாலர் கொடுத்தேன். ஸ்விட்ச்சைப் போட்டால் 'உம்' என்று சத்தம் மட்டும் வரும், சுற்றாது. கையால் கல்லைத் தள்ளிவிட்டால் ஓடும். அதைப் பார்த்ததும் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்து போகவில்லை, சுற்ற ஆரம்பிக்க உதவும் ஸ்டார்ட்டிங் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. உனக்குச் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மெஷின் விவரம் பொறித்த தகட்டைத்தான் துடைத்தேன். யாரோ அதன் மேலேயே பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். தின்னர் தொட்ட துணியால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது: 115 வோல்ட், 60 சைக்கிள், 3450 ஆர்.பி.எம். கம்பெனி பெயர் இருந்த இடம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் கரண்ட் ஒரு வினாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் மாறுகிறது என்பதைக் காட்டும் அந்த 'சைக்கிள்' என்ற சொல்லை வைத்தே வயது சொல்லலாம். 1960களில்தான் அதை ஹெர்ட்ஸ் என்று மாற்றி எழுத ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று கேள். இந்த ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியில் ஒரு காலத்தில் 25 சைக்கிள் கரண்ட் ஓடியது. நயாகரா நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது வைத்த கணக்கு அது. 1949-ல் ஆரம்பித்துப் பத்து வருஷம் ஊர் ஊராகப் போய் 60-க்கு மாற்றினார்கள். அதனால் இங்கே பழைய மெஷின் வாங்குகிறவன் தகட்டில் 25 என்று இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இது மாதிரி இரண்டு போல் (காந்த முனை) மோட்டார் 25-ல் 1500 சுற்றைத் தாண்டாது. அதையே 60-ல் மாட்டினால் 3600-ஐ நோக்கி ஓடப் பார்க்கும். குறைந்த வேகத்துக்கென்று போட்ட பெரிய கல் அந்த வேகத்தைத் தாங்காது, வெடித்துவிடும். என்னுடையது 60 என்பதால் நிம்மதி.

பிரிப்பதற்கு முன் இரண்டு பக்க மூடியிலும் உடம்பிலும் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி வைத்தேன், திரும்ப அதே இடத்தில் உட்கார வேண்டுமே. இடது பக்க நட்டு நம் ஊர் மெஷினில் இருப்பது போலவே லெஃப்ட் திரெட்தான், எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். உள்ளே, மோட்டார் வேகம் எடுத்ததும் ஸ்டார்ட்டிங் பக்கத்தைத் துண்டிக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச்சின் பாயின்ட்டில் கரி ஏறி, மேலே சாணைத் தூசியும் கிரீஸும் சேர்ந்து களிம்பாகியிருந்தது. மெல்லிய எமரித் தாளில் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்தேன். பேரிங் 6203, இங்கேயும் அதே நம்பர்தான். இரண்டையும் புதிதாகப் போட்டேன், ரப்பர் சீல் வைத்தது, தூசி போகாது. வயரின் ரப்பர் தொட்டாலே அப்பளமாய் நொறுங்கியது. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் வேறு. மூன்று கோர் வயர் இழுத்து உடம்புக்கு எர்த் கொடுத்தேன்.

பழைய கற்களை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினேன். ஒன்று கணீரென்றது. மற்றது மண்சட்டி உடைந்த சத்தம் கொடுத்தது. கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை, ஆனாலும் அதை உடைத்தே குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. புதுக் கல்லில் 4140 ஆர்.பி.எம். வரை போகலாம் என்று அச்சடித்திருக்கிறது, மெஷின் வேகத்துக்கு மேலே. ஆறு அங்குலக் கல் 3450-ல் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது அண்ணா. எட்டு அங்குலமாக இருந்தால் 130-ஐத் தாண்டும்.

கம்பெனி ஆட்களோடு நயாகரா பார்க்கப் போனபோது நம் திருவொற்றியூர் சாணைக்கல் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. ஆச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டு, சாணைக்கல் செய்யும் கார்பரண்டம் என்ற பொருளைக் கண்டுபிடித்து 1893-ல் பேடன்ட் வாங்கினார். நீர்வீழ்ச்சிக் கரண்ட் மலிவு என்று அமெரிக்கப் பக்கம் 1895-ல் தொழிற்சாலையைக் கொண்டு போனார். அந்தக் கம்பெனியும் ஒரு இங்கிலாந்துக் கம்பெனியும் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்துதான் 1954-ல் நம் கார்பரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தன. நீ வாங்கும் கல்லின் பூர்வீகம் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதை ஊருக்கு அனுப்பு என்று கேட்டாய். வேண்டாம். இது 115 வோல்ட், 60 சைக்கிள். நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஒத்து வராது. அதற்குப் பதில் உன் மெஷினைச் சரி செய். சாணை பிடிக்கும் நீளமான ஜாப் இடிக்கிறது என்று கழற்றிப் பரண் மேல் போட்ட, கல்லை மூடும் பாதுகாப்புக் கார்டை எடுத்து மாட்டு. ஜாப்பைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடம் விடாதே. மேலே கார்டின் வாயில் இருக்கும் நாக்குத் தகட்டுக்கு ஆறு மில்லிமீட்டர். கல் தேயத் தேய இரண்டையும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அந்தச் சந்தில் ஜாப் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். புதுக் கல் மாட்டியதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு ஓரமாக நில், பையனையும் எதிரில் நிற்கவிடாதே. அட்டை வாஷரைக் கிழித்துப் போட்டுவிடாதே, கல்லின் இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும்.

பாரிமுனைக்குக் கல் வாங்கப் போவதற்கு முன் உன் மெஷின் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு எந்தக் கல் என்று சொல்கிறேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்க இந்த மாதம் கொஞ்சம் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி