குவாரண்டைன் கேஸுல எல்லாரும் தோத்துப் போகலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல கொரோனா காலத்து குவாரண்டைன் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாரு. ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி, வெளிநாட்டுல இருந்து ஊர் திரும்ப முடியாம கேஸு போட்டவங்க எல்லா நாட்டுலயும் தோத்துப் போனாங்கன்னு. அது சரியில்லைங்க. நான் வக்கீல் இல்ல, பேக்டரியில முப்பது வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டயர் ஆன ஆளு. ஆனா இந்த விஷயத்துல நானே மாட்டுனதால அப்பலேர்ந்து இந்தக் கேஸையெல்லாம் பேப்பர்லயும் நெட்டுலயும் விடாம படிச்சுக்கிட்டு வர்றேன், அதான் எழுதறேன்.

நான் மாட்டுன கதையச் சுருக்கமா சொல்லிடறேன். 2020 பிப்ரவரியில மலேசியாவுல கிள்ளான்ல இருக்குற மக வீட்டுக்குப் போனேன், ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு. மார்ச் 18-ல அங்க ஊரடங்கு, மார்ச் 22-லேர்ந்து நம்ம நாட்டுக்குள்ள வெளிநாட்டு பயணிகள் ப்ளைட்டே கிடையாதுன்னுட்டாங்க. நம்ம பாஸ்போர்ட்டு, நம்ம நாடு, ஆனா வர முடியாது. ஏப்ரல்ல இதப் பத்தி சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போச்சு, அங்க தலைமை நீதிபதி பாப்டே பெஞ்சு, இப்ப இருக்குற இடத்துலயே இருங்க, பெறகு பாத்துக்கலாம்னு நாலு வாரம் தள்ளி வெச்சுட்டாங்க. அப்பறம் மே 7-ல, வெளிநாட்டுல மாட்டுனவங்களக் கூட்டிட்டு வர அரசாங்கம் விட்ட வந்தே பாரத் ப்ளைட்டு ஆரம்பிச்சு, ஜூன்ல எனக்கு சீட்டு கெடச்சு வந்தேன்.

இறங்குன ஏர்போர்ட்டு பேரு வேண்டாம், அங்க வேலை பாத்தவங்க பாவம் அந்த ப்ளாஸ்டிக் டிரஸ்ஸுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தாங்க. லைன்ல எனக்குப் பின்னாடி ஏழு மாசக் கர்ப்பிணிப் பொண்ணு ஒண்ணு, தனியா வந்திருக்கு. அப்ப ரூல் என்னன்னா ஏழு நாள் அரசாங்கம் சொல்ற எடத்துல இருக்கணும், அப்பறம் ஏழு நாள் வீட்டுல. ஆனா மே 24-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் விட்ட வழிகாட்டுதல்ல ஒரு விலக்கு போட்டிருந்தாங்க: கர்ப்பிணி, வீட்டுல சாவு, கடுமையான வியாதி, பத்து வயசுக்குக் கீழ குழந்தையோட வர்றவங்க, இவங்கள 14 நாளும் வீட்டுலயே இருக்க விடலாம்னு. அந்தப் பொண்ணு இத பிரிண்ட் எடுத்து நாலா மடிச்சு பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சிருந்துச்சு. கவுண்டர்ல இருந்தவரு அந்த மாதிரி பேப்பர் எதுவும் எங்களுக்கு வரலையேம்மான்னாரு. அது சண்டையெல்லாம் போடல, பேப்பர அவரு முன்னாடி விரிச்சு வெச்சுட்டு வயித்துல கைய வெச்சுக்கிட்டு நின்னுச்சு. அவரு யாருக்கோ போன் பண்ணாரு, எடுக்கல, இன்னொருத்தருக்குப் பண்ணாரு, அவரு இன்னொரு நம்பர் குடுத்தாரு. கொஞ்ச நேரத்துல ஒரு சேர் கொண்டுவந்து போட்டாரு, தண்ணி பாட்டிலு குடுத்தாரு. நாங்க காலேஜ் ஹாஸ்டல் பஸ்ஸுல ஏறுற வரைக்கும் முடிவாகல. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வெளிய அனுப்பிட்டாங்கன்னு மறுநாள் ஹாஸ்டல்ல எங்களோட வந்த ஒருத்தர் சொன்னாரு. ஹாஸ்டல்ல எனக்குக் கொறை ஒண்ணும் இல்லீங்க, காலையில இட்லிப் பொட்டலம், கதவுல சாக்பீஸ்ல என் பேரு, அவ்ளோதான்.

இத ஏன் இவ்ளோ நீட்டி முழக்கறேன்னா, அந்தப் பொண்ணு வெளிய போனதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, விலக்குன்னு ஒரு வரி எழுத்துல இருந்துச்சு. ரெண்டாவது, அதக் காதுல வாங்க ஒரு மனுசன் எதிர்ல இருந்தாரு, லேட்டா வாங்குனாலும் வாங்குனாரு. வெளிநாட்டுக் கேஸுகளைப் படிச்சா கடைசியில எல்லாம் இங்கதான் வந்து நிக்குது.

ஆஸ்திரேலியா விஷயத்துக்கு வர்றேன், கட்டுரையில அது மட்டும்தான் இருந்துச்சு. 2021-ல நம்ம ஊர்ல ரெண்டாவது அலை அடிச்சப்ப, ஏப்ரல் 30-ஆம் தேதி அங்க சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட் ஒரு உத்தரவு போட்டாரு. வர்றதுக்கு முன்னாடி 14 நாளுக்குள்ள இந்தியாவுல இருந்திருந்தா சொந்தக் குடிமக்களே உள்ள வரக்கூடாது, மே 3-லேர்ந்து 15 வரைக்கும். மீறி வந்தா அஞ்சு வருஷம் ஜெயில் இல்ல 66,600 டாலர் ஃபைன், ரெண்டும் சேந்தும் வரலாம். சொந்த நாட்டுக்குத் திரும்பறதே கிரிமினல் குத்தம்! பெங்களூர்ல மாட்டிக்கிட்ட 73 வயசு ஆஸ்திரேலியக்காரர் ஒருத்தர் சிட்னியில ஃபெடரல் கோர்ட்டுல கேஸு போட்டாரு. மே 10-ஆம் தேதி நீதிபதி தாலி மொத ரெண்டு வாதத்தையும் தள்ளிட்டாரு. நம்ம தாலி இல்லீங்க, அவரு குடும்பப் பேரே அதுதான். குடிமகன் தன் நாட்டுக்குத் திரும்பலாங்கறது கோர்ட்டுத் தீர்ப்புகள் வழியா வந்த பழைய பொதுச் சட்ட உரிமைதான், ஆனா நோய் நொடி நாட்டுக்குள்ள வராம தடுக்க 2015-ல பார்லிமென்ட்டு போட்ட பயோசெக்யூரிட்டி சட்டம் அமைச்சருக்கு இவ்ளோ பெரிய அதிகாரத்தத் தெளிவாவே குடுத்திருச்சு, அதனால கோர்ட்டு தலையிட முடியாதுன்னாரு. மிச்சம் இருந்த அரசியல் சட்ட வாதத்த எடுக்கறதுக்குள்ள மே 15 வந்திருச்சு, தடையும் போயிருச்சு. அந்த நாட்டுல அடிப்படை உரிமைன்னு தேசிய அளவுல தனிச் சட்டமே கிடையாது, அதனால அவருக்குப் புடிச்சுக்க கொம்பு இல்லாமப் போச்சு. இதுல தோத்தாங்கங்கறது உண்மைதான்.

ஆனா பக்கத்து நாடான நியூசிலாந்துல நடந்தது வேற. கட்டுரையாளர் அதத் தொடவே இல்ல, எனக்கு அதுதான் வருத்தம்.

அங்க வர்றவங்கள குவாரண்டைன்ல வெக்க அரசாங்கமே ஹோட்டல எடுத்து நடத்துச்சு, எம்ஐக்யூன்னு பேரு. ரூம் வவுச்சர் கைல இல்லாம ப்ளைட்டு ஏற முடியாது. ரூம் கம்மி, வெளிநாட்டுல இருக்குற ஆளு ஜாஸ்தி. மொதல்ல யாரு முன்னாடி கிளிக் பண்றாங்களோ அவங்களுக்குன்னு வெச்சிருந்தாங்க, அதுல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி ரூம அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர் தட்கல் டிக்கெட் கதைதான். அதுக்கு மாத்தா 2021 செப்டம்பர்ல விர்ச்சுவல் லாபின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. சொன்ன நேரத்துக்குள்ள எல்லாரும் லாகின் பண்ணிட்டு காத்திருக்கணும், அப்பறம் கம்ப்யூட்டரு சீட்டுக் குலுக்கற மாதிரி கலைச்சு விட்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுக்கும். செப்டம்பர் 20-ல நடந்த மொத லாபியில மூவாயிரத்துச் சொச்சம் ரூமுக்கு 30,000-க்கு மேல ஆளுங்க நின்னாங்க. என் தங்கச்சி பையன் ஆக்லாந்துல இருக்கான், அவன்தான் இத எனக்கு போன்ல வெளக்குனான். மாமா, ரேஷன் கடையில கூட முன்னாடி நிக்கற ஆளு யாருன்னு தெரியும், இதுல அதுவும் தெரியாதுன்னான்.

இந்தக் குலுக்கல்ல அம்மா சாகக் கெடக்கற மகனும் ஒண்ணு, லீவுக்கு வீட்டுக்கு வரலாம்னு பாக்கறவனும் ஒண்ணு. பத்து தடவை தோத்தவனும் ஒண்ணு, இன்னிக்குத்தான் மொத தடவை லாகின் பண்றவனும் ஒண்ணு. குடிமகன், குடிமகன் இல்லாதவன் எல்லாரும் ஒரே குடத்துல. அவசரத்துக்குன்னு தனியா ஒரு வழி வெச்சிருந்தாங்க, ஆனா அதோட வாசல் ரொம்ப ஒடுக்கம். கர்ப்பிணிங்க எத்தன பேரு அதுல முட்டி மோதுனாங்கன்னு அந்த ஊர்ப் பத்திரிகையே நாறடிச்சுச்சு.

வெளிநாட்டுல மாட்டுன நியூசிலாந்துக்காரங்க 'கிரவுண்டட் கிவீஸ்'னு சங்கம் வெச்சு, ஆன்லைன்ல காசு வசூல் பண்ணி கேஸு போட்டாங்க. 2022 ஏப்ரல் 27-ல ஹைகோர்ட்டு நீதிபதி ஜில்லியன் மேலன் தீர்ப்பு சொன்னாங்க. அங்க 1990-ல வந்த உரிமைச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதோட 18-ஆவது பிரிவுல ஒவ்வொரு குடிமகனுக்கும் நாட்டுக்குள்ள வர உரிமை உண்டுன்னு ஒரே வரியில எழுதியிருக்கு. அந்த ஒத்த வரிதான் இந்தக் கேஸோட அச்சாணி. ஹோட்டல்ல வெச்சது தப்பு இல்ல, வந்தவங்கள அடைச்சு வெச்சதும் நியாயம்தான், கொரோனாவத் தடுக்க அது தேவைப்பட்டுச்சுன்னு அந்தம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. ஆனா லாபியையும் அந்த ஒடுக்கமான அவசர வழியையும் சேத்து வெச்சுப் பாத்தா 2021 செப்டம்பர் 1-லேர்ந்து டிசம்பர் 17 வரைக்கும் கொஞ்சப் பேரோட உரிமைய நியாயப்படுத்த முடியாத அளவுக்கு மறுத்திருக்கு, யாருக்கு எவ்ளோ அவசரம், யாரு எவ்ளோ நாளா காத்திருக்காங்கன்னு எடை போடற ஏற்பாடே அதுல இல்லன்னாங்க.

இது ஜெயிப்பா தோல்வியான்னு கேட்டா, பாதி ஜெயிப்புன்னு நான் சொல்வேன். தீர்ப்பு வந்தப்ப குடிமக்களுக்கு எல்லையே தொறந்தாச்சு, யாருக்கும் ரூம் கெடைக்கல. ஆனாலும் "எல்லா கேஸும் தள்ளுபடி"ன்னு எழுதுனா அந்தப் பாதி காணாமப் போயிருதுங்க. கனடாவுலயும் இதே மாதிரிதான், 2021 ஜூன்ல ஃபெடரல் கோர்ட்டு ஹோட்டல் குவாரண்டைன் சட்டப்படி செல்லும்னுச்சு, ஆனா ஒரு பயணிகிட்ட மட்டும் வக்கீலப் பாக்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்லாம விட்டது தப்புன்னும் சேத்துச் சொல்லிச்சு.

காசு விஷயம் கட்டுரையில சுத்தமா இல்ல. நியூசிலாந்துல கட்டணம் கட்ட வேண்டிய ஆளுன்னு வந்தா ரூமுல மொத ஆளுக்கு 3,100 டாலர், அன்னிக்குக் கணக்குல நம்ம காசு ஒன்றரை லட்சத்துக்கு மேல. இங்கிலாந்துல, கொரோனா ஆபத்து ஜாஸ்தின்னு அவங்க வெச்ச சிகப்புப் பட்டியல் நாட்டுல இருந்து வந்தா ஒரு ஆளுக்கு 1,750 பவுண்டு, அப்பறம் 2021 ஆகஸ்டுல 2,285 ஆக்குனாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம நாடு ஏப்ரல் 23-லேர்ந்து மூணு மாசத்துக்கு மேல இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட 2005 சர்வதேச சுகாதார விதிகள்ல 40-ஆவது விதியப் படிச்சுப் பாருங்க, குடியேற வர்றவங்களத் தவிர மத்த பயணிகள தனிமைப்படுத்தறதுக்குக் காசு வாங்கக்கூடாதுன்னு இருக்கு. கிட்டத்தட்ட எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தற விதி அது, ஆனாலும் ஊருக்கு ஊரு பில்லு நீட்டுனாங்க.

குவாரண்டைனே நமக்குப் புதுசுங்கற மாதிரியும் எழுதியிருந்தாரு. பெனாங்குப் பாலத்துல போறப்ப ஜெரெஜாக்னு ஒரு தீவு தெரியும், மருமகன் காட்டுனாரு. அந்தக் காலத்துல கப்பல்ல போன நம்ம தோட்டத் தொழிலாளிங்கள அங்கதான் எறக்கி வெச்சிருந்து அப்பறம் உள்ள விடுவாங்க. இந்தப் பக்கம் இலங்கைக்குப் போனவங்களுக்கு மண்டபம் கேம்பு. அவங்க எந்தக் கோர்ட்டுக்குப் போனாங்க, யாரு அவங்களுக்குக் காசு வசூல் பண்ணிக் குடுத்தா.

நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வந்தா இன்னும் கேவலம். பம்பாய்ல பிளேக் வந்தப்ப வெள்ளைக்காரன் 1897-ல அவசரத்துல எழுதுன தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-லயும் கை குடுத்துச்சு, கூட 2005 பேரிடர் சட்டம். அந்த 1897 சட்டம் எழுதுனப்ப மொத்தமே நாலு பிரிவு, அதுல நாலாவது பிரிவு என்னன்னா, நல்ல எண்ணத்தோட செஞ்ச எதுக்கும் யார் மேலயும் கேஸு போட முடியாதுங்கறது. அடைக்கப்பட்ட ஆளு யாருகிட்ட முறையிடறது, எத்தன நாளுக்குள்ள பதில் வரணும், ஒரு வரி கிடையாது. 2020-ல அதத் திருத்துனாங்க, டாக்டர் நர்ஸுங்கள அடிக்கறவனுக்குத் தண்டனை சேத்தாங்க, அது வேணும்தான், ஆனா முறையீட்டுக்கு எதுவும் சேக்கல. இத்தனைக்கும் 1978-லயே மேனகா காந்தி கேஸுல, காரணம் சொல்லாம பாஸ்போர்ட்டப் புடுங்குன விவகாரத்துல, வெளிநாட்டுக்குப் போய் வர்றது அரசியல் சட்டத்தோட 21-ஆவது பிரிவுல அடங்குன உரிமை, அதுல கை வெச்சா வழிமுறை நியாயமா இருக்கணும், அந்த ஆளு சொல்றதக் கேக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

அதனால சார், ரெண்டு கோரிக்கை. கட்டுரையில அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்க. நியூசிலாந்துத் தீர்ப்பு நெட்டுல சும்மாவே கெடைக்குது, உங்க நிருபருங்க யாராவது படிச்சு லாபி பத்தி வர்ற பக்கத்த மட்டுமாவது தமிழ்ல எழுதுனா புண்ணியமாப் போகும். இன்னொண்ணு, புதுசா பொது சுகாதாரச் சட்டம் கொண்டு வர்றதப் பத்திப் பேசுற கட்சிக்காரங்ககிட்ட உங்க ஆளுங்க மைக்க நீட்டறப்ப, அந்தச் சட்டத்துல ஏர்போர்ட்டு கவுண்டருக்குப் பின்னாடி ராத்திரி ஒன்பது மணிக்கு போன எடுக்கப் போறது யாருன்னு கேளுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர இருவத்தஞ்சு வருஷமா வாங்கற
திருவெறும்பூர் வாசகர்