கள்ளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் நர்சரியில் நீங்கள் வாங்கிய ஒவ்வொரு கள்ளித் தொட்டியிலும் ஒரு மஞ்சள் சீட்டு செருகப்பட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் 'வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றவும்' என்று அச்சிட்டிருந்தோம். அந்தச் சீட்டை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயும் செடிக்கும், ஐப்பசி அடைமழையில் பால்கனி மூலையில் ஒதுங்கி நிற்கும் செடிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது என்பது எங்களுக்குத் தெரியும்; தெரிந்திருந்தும், விற்கும்போது சொல்வதற்குச் சுருக்கமான விடை ஒன்று வேண்டுமே என்பதற்காக அப்படி அச்சிட்டோம். அதை நம்பி நாள் தவறாமல் ஊற்றியவர்களின் செடிகளே கடந்த மழைக்காலத்தில் அதிகமாக அழுகின. சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம்.

பட்டுப்போன செடியோடு எங்களிடம் திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "அதிகம் ஊற்றவேயில்லை, தினமும் ஒரு கரண்டி தண்ணீர்தான்." சிக்கல் அந்தக் கரண்டியில்தான் இருக்கிறது. கரண்டித் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்து, செடியின் அடித்தண்டைச் சுற்றி எப்போதும் ஈரத்தை நிறுத்தி வைக்கிறது. தொட்டியின் அடியில் இருக்கும் வேர்களுக்கோ அது எட்டுவதே இல்லை. கீழே வேர் தாகத்தில் காய, மேலே கழுத்துப் பகுதி ஈரத்தில் அழுகுகிறது.

இந்தச் செடிகள் பிறந்த இடத்தில் மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்தால் ஊற்றும் முறை தானே விளங்கும். அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து மெக்சிகோ வரை பரந்துள்ள சோனோரா பாலைவனத்தில் கோடை மாதங்களில் இடியோடு மழை கொட்டும். பிறகு நெடுநாள் வறட்சி. அங்கே வளரும் சகுவாரோ என்னும் பெருங்கள்ளியின் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல்மட்டத்திலேயே, செடியின் உயரம் அளவுக்குச் சுற்றிலும் பரவியிருக்கும். மழை விழுந்தவுடன் அவை நீரை வேகமாக உறிஞ்ச, தண்டின் மடிப்புகள் விரிந்து செடி பருக்கும். வறட்சியில் அதே மடிப்புகள் மீண்டும் சுருங்கும். பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்வதால், சேமித்த நீர் எளிதில் வீணாவதில்லை. ஆகவே, ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வழியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். அதன் பிறகு மண் அடிவரை முழுவதும் காயும்வரை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தட்டில் வடிந்து நிற்கும் நீரைக் கால் மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

மண் காய்ந்ததை அறிய நாள்காட்டி உதவாது. துடைப்பத்திலிருந்து உருவிய ஓர் ஈர்க்கு உதவும். அதைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சில நிமிடம் விட்டு வெளியே எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, விரலில் தடவும்போது குளிர்ச்சி தெரிந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். சிறிய தொட்டியாக இருந்தால், ஊற்றியவுடன் ஒரு முறையும் நன்றாகக் காய்ந்தபின் ஒரு முறையும் கையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாடு கைக்குப் பழகிவிட்டால் ஈர்க்கும் தேவைப்படாது. எங்கள் பணியாளர்கள் நூற்றுக்கணக்கான தொட்டிகளை இப்படித் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள்.

கோகோபீட்டில் மட்டும் நடப்பட்டு வரும் செடிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தேங்காய் நார்த் தூளான அது ஈரமாக இருக்கும்போது நீரை நெடுநாள் விடாது. ஒருமுறை முழுவதும் உலர்ந்துவிட்டாலோ சுருங்கி, ஊற்றியதில் பெரும்பகுதி தொட்டியின் ஓரமாகவே வழிந்து வெளியேறிவிடலாம். கீழே நீர் வழிகிறது என்பதால் நனைந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். அப்படிப்பட்ட தொட்டியை அகலமான பாத்திரத்தில் சிறிது நீரில் இருபது நிமிடம் உட்கார வைத்தால் கீழிருந்து நனையும். அதைவிட, வாங்கிய சில வாரங்களில் மண்ணை மாற்றிவிடுவதே நல்லது. செம்மண் ஒரு பங்கு, பருமணலும் செங்கல் சில்லுமாக இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு கொஞ்சம் என்பது நாங்கள் இங்கே பயன்படுத்தும் கலவை. கடற்கரை மணல் வேண்டாம்; அதில் உப்பு இருக்கிறது. மண் மாற்றியவுடன் தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் விடுங்கள். அறுந்த வேர்களின் காயம் ஆறிய பிறகே ஈரம் படலாம்.

துளையில்லாத பீங்கான் கிண்ணங்களில் செடி வைத்து விற்றதும் எங்கள் தவறுதான். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று பலரும் கேட்டதால் விற்றோம். அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று அப்போது சொல்லியும் இருந்தோம். அது சரியன்று. மேலே உள்ள மண் முழுவதும் நீரில் ஊறித் தளும்பும்வரை நீர் கூழாங்கல்லுக்குள் இறங்குவதில்லை. அதனால் ஈரம் தங்கும் இடம் வேருக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. நீரில் ஊறிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத வேர் மூச்சுத் திணறிச் சாகும்போது, பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் உள்ளே நுழைகின்றன.

எல்லாக் கள்ளியும் பாலைவனத்துக் கள்ளி அன்று. இதை நாங்கள் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. இரவில் வெள்ளையாக விரிந்து விடிவதற்குள் வாடிவிடும் பூவுக்காக, பிரம்மகமலம் என்ற பெயரில் நம் வீடுகளில் வளர்க்கப்படுவது உண்மையில் மெக்சிகோ காடுகளில் மரங்களின்மேல் தொற்றி வளரும் ஒரு கள்ளிதான். வட்டமான சிவப்பு, மஞ்சள் தலையோடு விற்கப்படும் ஒட்டுக்கள்ளியின் பச்சைத் தண்டும் டிராகன் பழக் கொடியின் இனத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் மாதக்கணக்கில் காயவிட்டால் சுருங்கிப்போகும். மேல்மண் காய்ந்தவுடனேயே ஊற்றலாம். கள்ளி இனத்தைச் சேராத அடீனியம் (பாலைவன ரோஜா) கோடையில் முழு வெயிலில் இருந்தால் ஏறக்குறைய தினமும் தண்ணீர் கேட்கும். மழைக்காலத்திலோ அதன் பருத்த அடித்தண்டுதான் முதலில் அழுகும். பாம்புக் கற்றாழையை மறந்தே போனாலும் பிழைத்துக்கொள்ளும். கூழாங்கல் போலிருக்கும் லித்தாப்ஸ் செடியை இந்த ஊரின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் காப்பாற்றுவது மிகக் கடினம் என்பதால் விற்பதையே நிறுத்திவிட்டோம்.

சுருங்கிய செடியைக் கண்டதும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் தாகத்தாலும் சுருங்கும், அழுகலாலும் சுருங்கும். தாகமெடுத்த எச்செவேரியாவின் (ரோஜாப்பூ போல அடுக்கடுக்காகத் தடித்த இலைகள் கொண்ட செடி) இலைகள் சுருக்கம் விழுந்தாலும் நிறம் மாறாமல் இருக்கும், அடியிலைகள் காகிதம் போல உலரும். தாகமெடுத்த கள்ளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இளைக்கும். ஈரம் மிகுந்த செடியின் இலைகளோ மஞ்சளாகி, உள்ளே நீர் தெரிவது போல ஆகி, தொட்டாலே உதிரும். கள்ளியின் அடித்தண்டு பழுப்பேறிக் குழையும். ஐயம் இருந்தால் ஒருமுறை நன்றாக ஊற்றி நான்கைந்து நாள் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் சுருக்கம் நிமிரவில்லை என்றால், நீரை உறிஞ்ச வேரே இல்லை என்றுதான் பொருள். மேலும் ஊற்றாமல் செடியை உடனே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டு முகத்தில் பழுப்பு வளையம் சிறிதும் இல்லாமல் போகும்வரை மேலே மேலே சீவுங்கள். பிறகு நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை உலர்த்தி, காய்ந்த மணலின்மேல் நிறுத்தி வையுங்கள். வேர் கண்ட பிறகே தண்ணீர்.

அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகலில் ஊற்றாதீர்கள்.  வெயில் இறங்கியபின் ஊற்றுவதே அப்போது ஏற்றது. மாறாக, ஐப்பசி, கார்த்திகையில் ஊற்ற நேர்ந்தால் காலையில் ஊற்றுங்கள், பகலில் இலைகள் உலர்ந்துவிடும். அந்த இரண்டு மாதங்களிலும் பெரும்பாலான செடிகளுக்கு ஊற்ற வேண்டிய தேவையே வராது. காற்றிலுள்ள ஈரத்தால் மண் காய்வதற்கு மூன்று வாரங்கூட ஆகலாம். தொட்டிகளைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள், தொட்டிகளுக்கு இடையே காற்றோட்டம் இருக்கட்டும். தெரியாமல் நனைந்துவிட்டால், மண்கட்டி உடையாமல் செடியை வெளியே எடுத்து, ஒரு நாள் செய்தித்தாளின்மேல் வைத்தாலே பாதி ஈரம் போய்விடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமுள்ள பகுதிகளில் இருப்பவர்கள், மண்ணின்மேல் வெள்ளைப் படிவம் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் உப்பில்லாததே. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்ற வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். இலைகளின்மேல் நீர் தெளிக்கும் தெளிப்பானை எச்செவேரியாவுக்குப் பயன்படுத்த வேண்டியதில்லை. நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அங்கிருந்தே அழுகத் தொடங்கும்.

பழைய மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்தால், உங்களிடமுள்ள செடியின் வகைக்கேற்ப எழுதிய புதிய சீட்டைக் கட்டணமின்றித் தருகிறோம். எங்களிடம் வாங்கிய துளையில்லாத கிண்ணம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மழை தொடங்குவதற்குள் துளையிட்டுத் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
நர்சரி நிர்வாகமும் பணியாளர்களும்