வீட்டுக்கடன் வாடிக்கையாளர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் கோரம் இல்லாததால் தீர்மானம் எதுவும் நிறைவேற்ற முடியவில்லை. புதிதாக வீடு வாங்குவோருக்கான ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. சுற்றுலா நடைபெறவில்லை. கடனை முழுவதும் அடைத்த பிறகும் மூலப்பத்திரம் கைக்கு வராமல் அலைந்த உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் தயாரித்துக் கொடுத்தோம். கடன் அடைந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் சுற்றறிக்கையை அதில் மேற்கோள் காட்டியிருந்தோம். பத்திரம் வந்து சேர்ந்தது.

இனி, மனு: வீட்டுக்கடன் வட்டி விதிகளை வங்கிகள் கடைப்பிடிக்கின்றனவா என்று விசாரிக்கக் கோரி நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்ப நாம் தயாரித்துவரும் மனு. செயலாளர் ஆண்டு முழுவதும் மனு, மனு என்றே இருந்தார், சங்கத்தின் மற்ற வேலைகள் நின்றுவிட்டன என்று சிலர் பேசுவதை நான் அறிவேன். அதற்கு இந்தப் பொதுக்குழுவில் விளக்கம் அளிப்பது என் கடமை.

2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 விழுக்காட்டிலிருந்து 6.50 ஆக உயர்ந்தது. அந்த ஏற்றம் உறுப்பினர்களின் கணக்குகளில் உடனுக்குடன் ஏறியது. பிறகு 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் அதே ரெப்போ 5.50 ஆகக் குறைந்தது. இந்த இறக்கம் எல்லோர் கணக்கிலும் இறங்கவில்லை. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மிதக்கும் வட்டி (அவ்வப்போது மாறும் வட்டி) வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும். அதற்கு முன் வாங்கியவர்களும் புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் மாறலாம் என்று யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களில் வாங்கியவர்களுக்கோ இந்த விதியே பொருந்தாது. அந்நிறுவனம் தானே நிர்ணயிக்கும் வட்டிதான்.

ஒரு விழுக்காடுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 8.5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். கடன் தொடங்கிய சிறிது காலத்திலேயே வட்டி 9.5 ஆகி, தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், 240 மாதத்தில் முடிய வேண்டிய கடன் ஏறத்தாழ 309 மாதம் ஓடும். பணி ஓய்வுக்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் தவணை கட்ட வேண்டிய நிலைக்கு ஒருவரைத் தள்ள ஒரே ஒரு விழுக்காடு போதும். இப்படி நீட்டுவதற்கு முன் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்ற தேர்வை அவரிடமே விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று உத்தரவிட்டது. மீதமுள்ள தவணைகள் எத்தனை என்பதைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுதோறும் தரவும் சொன்னது. நம் உறுப்பினர்களில் பலர் அப்படியொரு அறிக்கையைக் கண்ணால் கண்டதில்லை.

விதி இருக்கிறது, அது நடக்கிறதா என்று கேட்பவர் யார்? இதுதான் மனுவின் மையக் கேள்வி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், தனியார் வங்கியும் தனியார் கடன் நிறுவனமும் அதற்குள் வருவதில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், போயிருக்கிறோம். அங்கே தீர்வது தனித்தனிக் குறை. பழைய வட்டி முறையில் இன்னும் எத்தனை கணக்குகள் சிக்கியிருக்கின்றன, கேட்காமல் காலம் நீட்டப்பட்டவை எத்தனை என்று எல்லா வங்கிகளையும் ஒருசேரக் கேட்கும் அதிகாரம் நாடாளுமன்றக் குழுவுக்கு உண்டு. நிதி அமைச்சக அதிகாரிகளையும் ரிசர்வ் வங்கியையும் வங்கித் தலைவர்களையும் அது அழைத்து விசாரிக்க முடியும்.

அயர்லாந்தில் நடந்ததைச் செயற்குழுவில் விரிவாக எடுத்துரைத்தேன். வராதவர்களுக்காக இங்கே சுருக்கம். ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டியோடு இணைந்த 'டிராக்கர்' வீட்டுக்கடன்கள் அங்கே இருந்தன. 2008க்குப் பிறகு அந்த வட்டி இறங்கியபோது, வாடிக்கையாளர்கள் பலருக்கு டிராக்கர் வட்டி பெறும் உரிமையை வங்கிகள் மறுத்தன, அல்லது கூடுதல் வட்டி போட்டன. அந்நாட்டு மத்திய வங்கி 2015 டிசம்பரில் ஆய்வைத் தொடங்கியது. ஆண்டுகள் ஓடின. 2017 அக்டோபரில் பாதிக்கப்பட்டவர்களே நாடாளுமன்ற நிதிக் குழுவின் முன் அமர்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். வங்கித் தலைவர்களும் அதே குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் பாதிக்கப்பட்டவை 40,000க்கும் மேற்பட்ட கணக்குகள் என்று தெரிந்தது. 2022இல் ஒரு வங்கிக்கு மட்டும் 10 கோடி யூரோவுக்கு மேல் அபராதம். அந்தச் சாட்சிகள் கையில் தங்கள் கடன் கணக்கு இருந்தது, வாய் திறக்கும் துணிவும் இருந்தது.

நம் நாட்டு நடைமுறையையும் படித்தே இறங்கினேன். நாடாளுமன்றத்தின் நிதித்துறை நிலைக்குழுவில் 31 உறுப்பினர்கள். அன்றாட நிர்வாக விஷயங்களை அது எடுத்துக்கொள்ளாது. ஆகவே 'என் கிளை மேலாளர் மரியாதையில்லாமல் பேசினார்' என்பதெல்லாம் அங்கே செல்லாது. மக்களவை மனுக் குழுவுக்குப் போகும் மனுவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மேலொப்பமிட வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை அதில் எழுப்ப முடியாது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குள்ள நம் உறுப்பினர்களின் விவரத்தைச் சேர்க்காததற்கு இதுவே காரணம், வேறு பாகுபாடு எதுவும் இல்லை. மனுவோடு ஆவணங்களை இணைக்கவும் விதி இடம் தரவில்லை. எனவே எல்லா உறுப்பினர்களின் கணக்குகளையும் தொகுத்து, அவற்றின் சாரத்தை மனுவின் வாசகத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். வரைவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பும் முடித்து, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் காட்டியாயிற்று. 'தொகுப்பையும் கையொப்பங்களையும் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்' என்றார்கள்.

அங்கேதான் மனு நிற்கிறது. கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டின் நகலைத் தாருங்கள் என்று எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் அனுப்பினோம். தந்தவர்கள் மிகச் சிலர். வங்கிக்குத் தெரிந்தால் தொந்தரவு வரும் என்று அஞ்சியவர்களை நான் குறை சொல்லவில்லை. பெயரும் கணக்கு எண்ணும் தொகுப்பில் வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்தோம். ஆனால் வட்டி ஏறிய மாதம் இரவு பத்து மணிக்கும் தொலைபேசியில் அழைத்து ஆதங்கப்பட்டவர்கள், ஸ்டேட்மென்ட் கேட்டபோது அழைப்பை எடுக்கவில்லை. சங்கத்தின் கடிதத்தால் வட்டி குறைந்து பயன்பெற்றவர்கள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. கையொப்பமிட்டவர்களிலும் சிலர் முகவரி எழுதாமல் விட்டிருக்கிறார்கள். முழு முகவரி இல்லாத கையொப்பம் செல்லாது. இதை மனவருத்தத்தோடுதான் பதிவு செய்கிறேன். நாடாளுமன்றம் நம்மைக் கவனிக்கவில்லை என்று சொல்லும் தகுதி, அதன் கதவைத் தட்டியவர்களுக்குத்தான் உண்டு.

வரவு செலவு குறித்துப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். சென்ற ஆண்டு இருப்போடு ஒப்பிட்டால் கையிருப்பு குறைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு, நகலெடுப்பு, தபால் ஆகியவற்றுக்கான செலவு கூடியது உண்மை. செயற்குழு ஒப்புதலுக்குப் பிறகே எல்லாம் செலவிடப்பட்டன. அதைவிடப் பெரிய காரணம் சந்தா பாக்கி. உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா செலுத்தவில்லை. சிலருடைய பாக்கி ஓராண்டையும் தாண்டி நிற்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் துணைநின்ற தலைவருக்கும், பொறுமையோடு கணக்கு எழுதிய பொருளாளருக்கும், வரைவைச் சட்ட நோக்கில் திருத்திக் கொடுத்துக் கட்டணம் பெற மறுத்த வழக்கறிஞர் நண்பருக்கும், கூட்ட அரங்கம் தந்தவர்களுக்கும், ஸ்டேட்மென்ட் நகல் தந்த அந்தச் சில உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன்; மனுக் கோப்பு முழுவதும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. நானே தொடர வேண்டும் என்பது பொதுக்குழுவின் விருப்பமானால், மனுவை அடுத்த கூட்டத்தொடருக்குள் மேலொப்பத்துக்குக் கொண்டுசெல்வதே என் முதல் வேலையாக இருக்கும். அதற்கு வேண்டியவை மூன்று: கடன் தொடங்கிய நாள் முதலான ஸ்டேட்மென்ட், வட்டி மாற்றம் பற்றி வங்கி அனுப்பிய கடிதம் ஏதேனும் இருந்தால் அதன் நகல், முழு முகவரியோடு கையொப்பம். வாசலில் மேசை போட்டு விண்ணப்பத் தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் அங்கே இருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்