பங்காளிக்கு, மாண்டலின் விஷயமாக

கொழிஞ்சாம்பாறை
தை மாதம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் மாண்டலினைப் பற்றித்தான் எழுதுவேன் என்று தெரியும். அது ஒரு வழிக்கு வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். இப்போது வந்துவிட்டது, முக்கால்வாசி.

வீட்டுச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு மூட்டுவலி பரவாயில்லை. தென்னையில் வெள்ளை ஈ குறைந்தபாடில்லை. ஆளியாற்றுத் தண்ணீருக்கு வழக்கம்போல தமிழ்நாடும் கேரளமும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் வாய்க்காலைப் பார்த்தபடி நாங்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு வெளிச்சம் கூசுவது நின்றதா? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. வயலினை எடுக்கிற அவசரத்தில் அதை மறக்கிற ஆள் நீ. நீ அனுப்பிய கம்பிப் பார்சல் வந்து சேர்ந்தது. உன் ஆந்திரச் சித்தூருக்கும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கும் நடுவே கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வந்தது, அவ்வளவுதான்.

சரி, மாண்டலின். நம் மெல்லிசைக் குழுவில் நான் வாசித்ததே, அது கழுத்து வளைந்து பரணில் கிடந்தது. அதை இறக்கி அளவெடுத்து, அதேபோல் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் கதவும் நிலையும் செய்கிறவர். வாத்தியம் செய்ததில்லை என்று முதலில் தயங்கினார், பிறகு என்னைவிட அவருக்குத்தான் வெறி பிடித்தது. பெருவெம்பில் செண்டைக்குக் கட்டை கடைகிறவர்களிடம் நன்றாகக் காய்ந்த பலாத் துண்டு ஒன்று கிடைத்தது. பக்கவாட்டுப் பலகையை வளைத்து ஒட்டுகிற வேலை வேண்டாம் என்று, ஏகாண்ட வீணை செய்வதுபோல உடம்பை ஒரே கட்டையில் குடைந்துவிட்டார். அதனால் கனம் கொஞ்சம் அதிகம். மேல் பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்ற மரம்தான் வேண்டும் என்பார்கள். அதற்கு நான் எங்கே போவேன்? கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு இயந்திரம் வந்திறங்கிய பைன் பெட்டி பழைய மரக்கடையில் கிடந்தது. அதில் ரேகை நேராகவும் நெருக்கமாகவும் ஓடிய பலகையாகப் பார்த்துப் பொறுக்கினோம். விரல் பலகையும், கம்பிகளைத் தாங்குகிற குதிரையும் உடைந்த ஈட்டிக் கட்டிலின் காலிலிருந்து வந்தவை.

ஒட்டுவதற்கு ஆசாரி வச்சிரப் பசைதான் காய்ச்சினார். டப்பாப் பசை வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வச்சிரம் என்றால் சூடான கத்தியை இடுக்கில் விட்டுப் பலகையைத் திறந்துகொள்ளலாம். அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. முதலில் கம்பி பூட்டி மீட்டியபோது தடித்த கம்பிகள் தொண்டை அடைத்தவன் பேசுவதுபோல முனகின. பலகையைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சட்டங்களின் ஓரங்களை இழைத்தோம். ஒவ்வொரு இழைப்புக்கும் ஆசாரி விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பலகையின் சத்தம் கொஞ்சம் இறங்கி, நீண்டு ஒலிக்கத் தொடங்கிய இடத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்றேன். மேலே எட்டுக் கம்பி உட்காரப்போகிறது, கேட்காதே என்றார். எட்டும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுவை. அவர் சொன்னதுதான் சரி.

இதெல்லாம் ஆடி மழையில் நடந்தது. மார்கழி பிறந்ததும் வேறு கதை. எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியாததா? சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு, கிழக்கே இருந்து காய்ந்த காற்று அத்தனையும் அதன் வழியாக எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. நம் உதடு வெடிக்கிறபோது மரம் மட்டும் சும்மா இருக்குமா? மழையில் உப்பியிருந்த மேல் பலகை காய்ந்து தணிந்தது, கூடவே குதிரையும் இறங்கி, விரல் பலகையில் குறுக்கே பதித்த மெட்டுகளில் கம்பி உரசி ‘ஜர்ர்’ என்றது. விரல் பலகையும் சுருங்கிவிட்டதால் மெட்டுகளின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறின. நுனிகளை அரம் போட்டு ராவி, உப்புத்தாள் தேய்த்தாயிற்று. குதிரைக்கு அடியில் ஈட்டிச் சீவல் ஒன்றைச் செருகினேன். மழைக்காலத்தில் அதை எடுத்துவிடுவேன். இனி இந்த வாத்தியத்துக்கு வருடத்தில் இரண்டு உயரம்.

குதிரையை நிறுத்துகிற வேலையை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். மாண்டலின் குதிரை ஒட்டியிருப்பதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இதில் கம்பி நீளம் 352 மில்லிமீட்டர். 12-வது மெட்டு சரிபாதியில், 176-ல் வரவேண்டும். ஆனால் குதிரையைக் கணக்குப்படி 352-ல் நிறுத்தினால் மேல் சுரமெல்லாம் ஏறிப் பேசும். விரல் அழுத்தும்போது கம்பி இழுபடுகிறதே, அதற்கு ஈடாகக் குதிரையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளவேண்டும். 12-வது மெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டு. இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை குதிரையை நகர்த்து. இதில் வேடிக்கை, எல்லாக் கம்பிக்கும் ஒரே இடம் ஒத்துவராது. சுற்றுக் கம்பிக்கு ஓரிடம், வெறும் கம்பிக்கு வேறிடம். அதனால் குதிரையின் முதுகில் படிப்படியாக வெட்டவேண்டியிருந்தது. ஆசாரி அதைச் செய்து முடித்துவிட்டு, “இத்தனை நுணுக்கத்துக்கு ஒரு தேர் செய்திருக்கலாம்” என்றார்.

சுருதிக்கு வருகிறேன். உன் வயலின்போல ஸ-ப-ஸ-ப என்றுதான் கூட்டியிருக்கிறேன். வெளிநாட்டு முறையில் இருக்கிற ஜி-டி-ஏ-இ-யில் மேல் இரண்டு ஜோடியையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அப்படி இறக்கும்போது அந்த ஜோடிகளின் இழுவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கம்பி தொளதொளத்து எல்லா மெட்டிலும் இடிக்கிறது. 0.010 அங்குலக் கம்பியை எடுத்துவிட்டு 0.011, 0.014 இருந்த இடத்தில் 0.016 போட்டேன். அப்புறம்தான் நிமிர்ந்து பேசியது. நீ அனுப்பிய கம்பி இதற்குத்தான் பயன்பட்டது.

போன கடிதத்தில் “எங்கள் ஆந்திராக்காரர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மாதிரி வாசி” என்று எழுதியிருந்தாய். அவர் பிறந்த பாலகொல்லு என்ன உன் கொல்லைப்புறமா? கோதாவரிப் பக்கம் எங்கே, நீ எங்கே! அவர் குரு ருத்ரராஜு சுப்பராஜு எங்கள் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் கற்றவர். செம்பை கிராமம் இருப்பது இந்தப் பாலக்காட்டு மண்ணில். ஆக எங்களுக்கும் பங்கு உண்டு, எழுதி வைத்துக்கொள். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாதாம். அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் தேடி எடுப்பான். அந்த வாசிப்பில் வாய்ப்பாட்டு கேட்டதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ஒன்றை கவனி. 1969-ல் பிறந்து 2014-ல், 45 வயதில் போய்விட்ட அந்த மனிதர், மாண்டலின் இருந்தபடியே அதில் கர்நாடக இசை வாசிக்கவில்லை. நாலு ஜோடிக் கம்பியை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிக்கு மாறினார். குடைவில்லாத கட்டை, மின்சாரம், பெருக்கி. ஏன் என்பது இந்தப் பலாக்கட்டையை மடியில் வைத்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஜோடிக் கம்பியை இழுத்துச் சுரத்தை அசைத்துக் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடுவதில்லை. ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது, சுரம் இரண்டாகப் பிளக்கிறது. சரி என்று ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டு வாசித்தேன். இப்போது பிளவு இல்லை, ஆனால் நாதம் நிற்கவில்லை. மீட்டிய கணத்தில் பளிச்சென்று வந்து உடனே தேய்ந்துபோகிறது.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது பதிவுதான். தோடி ராகம் வாசித்தேன். வாசிக்கும்போது காந்தாரச் சுரம் என்னமாய் அசைந்தது என்கிறாய்! போனில் போட்டுக் கேட்டேன். முதல் அசைவோடு கம்பி ஓய்ந்துவிட்டது. மிச்ச அசைவையெல்லாம் பாடியது என் மனசு. கம்பி பாடவில்லை.

பதிவு செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நீயும் வயலினைப் பதிந்து அனுப்பவேண்டும் அல்லவா. படுக்கையறைதான் நல்லது. மெத்தையும் துணி நிறைந்த திறந்த பீரோவும் எதிரொலியைத் தின்றுவிடுகின்றன. மின்விசிறியை நிறுத்து. போனை ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வை, ஸ்டூலின் அதிர்வு ஏறாது. மாண்டலினுக்குத் துளைக்கு நேராக வைத்தால் ‘பொம்’ என்று குடத்துக்குள் பேசுவதுபோல வரும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்க்கும்படி ஓர் அடி தள்ளி வைத்தேன், அங்கேதான் மரமும் கம்பியும் சமமாகக் கேட்டன. போனில் வருகிற சாதாரண ரெக்கார்டர், சத்தம் அடங்கும் இடத்தில் தானாகவே அளவை ஏற்றிவிடுகிறது. வாசிப்பு நின்றதும் தென்னை மட்டைகளின் சலசலப்பு புயல்போலக் கிளம்பும். அந்தத் தானியங்கி ஏற்றத்தை அணைக்க வழியுள்ள ஆப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள். வாட்ஸாப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பு. அங்கேயே குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் அது சத்தத்தைக் கசக்கிவிடுகிறது.

தோடியை விட்டுவிட்டேன். ஜோடிக் கம்பிகளைத் திரும்பப் பூட்டி, கும்மிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். காவடிச்சிந்து நடையிலும் ஒன்று. ஆகா, பங்காளி! நேர்ச்சுரம், துள்ளல் தாளம், ஒவ்வொரு மீட்டலும் சின்னதாக வெடித்து அடங்கி அடுத்ததற்கு இடம் விடுகிறது. எந்தக் குறுகிய நாதத்தை நான் நோய் என்று நினைத்து மருந்து தேடினேனோ, கும்மிக்கு அதுதான் தாளக்கட்டை. ஸ-வும் ப-வும் திறந்த கம்பிகளாக அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன, தம்பூராவே வேண்டாம். நீட்டவேண்டிய இடத்தில் மட்டும் மீட்டுகிற பிக்கை மேலும் கீழும் வேகமாக அதிரவிடுகிறேன். அதையும் அளவோடு. நம் குழு நாட்களில் எல்லா வரியிலும் அதைப் போட்டு உயிரை வாங்கினேனே, நினைவிருக்கிறதா?

அடுத்து முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் செய்து வைத்தாரே, அவை. எல்லாம் சங்கராபரண ராகத்தில், கமகம் இல்லாமல், நேராக நடக்கிறவை. இந்த வாத்தியத்துக்கென்றே செய்ததுபோல இருக்கின்றன. ஒரு சிக்கல் மட்டும். தம்பூரா ஆப்பைப் போட்டு வாசித்தால் அந்தர காந்தாரம் என்ற சுரம் உறுத்துகிறது. மாண்டலினின் மெட்டுகள் சம இடைவெளிக் கணக்கில் அடித்தவை. அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் இந்தக் காந்தாரம் இயல்பான இடத்தைவிட 14 பங்கு ஏறி நிற்கிறது. வீணையில் என்றால் மெழுகைச் சூடுகாட்டி மெட்டை நகர்த்தலாம். இதில் மெட்டு அடித்தால் அடித்ததுதான். தம்பூராவை நிறுத்திவிட்டால் உறுத்தல் பாதி போய்விடுகிறது, ஆனால் அடியில் ஒன்றும் இல்லாமல் பாட்டு அம்மணமாக நிற்கிறது.

இங்கேதான் நீ தேவைப்படுகிறாய். தீட்சிதரின் தம்பி பாலுசாமிதானே ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னவர். அண்ணன் பாட்டுக்குத் தம்பி வாத்தியம் துணை வருவது பொருத்தம் என்று உன்னை மடக்கப் பார்க்கிறேன். தாழ்ந்த கம்பியில் நீண்ட வில்லாக, பாட்டு நகர நகர அடிச்சுரம் மாற்றிக் கொடு. தம்பூராபோல ஒரே இடத்தில் நிற்காதே, நின்றால் காந்தாரம் மறுபடி சண்டைக்கு வரும்.

மாசியில் எங்கள் சித்தூர்ப் பகவதி கோயிலில் கொங்கன் படை. கொங்குப் படை தோற்றதைக் கொண்டாடுகிற திருவிழா. கொங்கு வழி வந்த நாமே கடலை கொறித்தபடி நின்று நம் தோல்வியைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வா, வயலினோடு. ஆசாரிக்கும் உன்னைப் பார்க்கவேண்டும். மாண்டலினின் தலைப்பகுதியில் யாளி செதுக்கலாமா, வெறுமனே விடலாமா என்று எங்களுக்குள் தகராறு. உன் ஓட்டுக்குக் காத்திருக்கிறோம்.

கும்மியின் இரண்டு பதிவுகளைத் தனியாக அனுப்புகிறேன். ஒன்று ஜோடிக் கம்பியில், மற்றது மேல் இரண்டை மட்டும் ஒற்றையாக்கி வாசித்தது. ஹெட்போன் போட்டுக் கேள், போன் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்று சொல்லமாட்டேன். எதில் தாளம் நன்றாக நிற்கிறது என்று மட்டும் எழுது. அதை வைத்துத்தான் அடுத்த செட் கம்பி வாங்கவேண்டும்.

உன்,
கொழிஞ்சாம்பாறைப் பங்காளி