ஹெரால்டின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு நன்றி

வணக்கம்.

எங்கள் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், போன ஞாயிற்றுக்கிழமை மாதவரத்தில் ஒரு தனியார் லாரி நிறுத்துமிடத்துக்குள் புது பின் ஆக்ஸிலோடு (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) ஓடிவிட்டது. ஓட்டியவன் நான். ஆனால் அந்தப் பின்பக்கத்தில் என் கைவேலை என்று பார்த்தால் பெயின்ட் அடித்ததும் போல்ட் முடுக்கியதும்தான். மற்றதெல்லாம் வியாசர்பாடி, காசிமேடு, மூலக்கடை, மாதவரத்து ஆட்களின் வேலை. "பேரெல்லாம் போடாதப்பா" என்று எல்லோரும் சொல்லிவிட்டதால், அவரவர் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹெரால்டு 1961 முதல் இங்கே, நம் சென்னையிலேயே தயாரான வண்டி. பின்னால் ஸ்விங் ஆக்ஸில். ஒவ்வொரு பக்க ஷாஃப்டுக்கும், எஞ்சின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் ஓரத்தில் மட்டும் ஒரு கிராஸ் ஜாயிண்ட் (மடங்கும் இணைப்பு) இருக்கும். அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போதே சாயவும் செய்யும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், ரோட்டுப் பிடி போய்விடும். 1972இல் கெஸல் என்ற பெயரில் வண்டியை மாற்றி விட்டபோது கம்பெனியே ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டு, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்ஸிலுக்குப் போய்விட்டது. நாங்களும் அந்த வழிதான். ஆனால் காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்த நாலு லிங்க், அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பன்ஹார்ட் ராடு என்று கொஞ்சம் ஆசை கூடிவிட்டது. (வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைச் சொல்லி எழுதப்போகிறவர்களுக்கு: இந்த வண்டி ரோட்டுக்கு வராது. தனியார் இடத்தில் மட்டும் ஓடும்.)

முதல் நன்றி வியாசர்பாடி லேத் பட்டறைப் பெரியவருக்கு. ரயில்வேயில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப்பேட்டையில் வாங்கிய ஆக்ஸில் எங்களுக்கு அகலம் அதிகம். ஹவுசிங் என்ற வெளிக்குழாயைக் குறைத்தால், உள்ளே சக்கரத்தைச் சுற்றும் ஹாஃப் ஷாஃப்டையும் குறைக்க வேண்டும். நடுவில் வெட்டி வெல்டிங் வைத்துத் தருவதாக வேறொரு பட்டறையில் சொன்னார்கள், விலையும் மலிவு. அதைப் பெரியவரிடம் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒட்டுன ஷாஃப்ட் ஒடிஞ்சா சக்கரம் உன்னைக் கேட்டுக்கினா போவும்?" அவ்வளவுதான். பாரிமுனையில் இ.என்.24 கம்பி வாங்கிவரச் சொன்னார். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இரும்பு அது. கடைந்து, மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் கருவி) வைத்து ஷாஃப்ட் முனையில் ஒவ்வொரு பல்லாக ஸ்ப்ளைன் வெட்டி, எண்ணெயில் குளிரவைக்கும் ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நுண்ணிய வளைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தது. பிரஸ்ஸில் வைத்து நேராக்கிய பிறகுதான் வீட்டுக்குப் போனார். கூலி கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இதைப் படிக்கும் அவர் மகன் தயவுசெய்து கவனிக்கவும்.

காசிமேட்டில் இரும்புப் படகுகளுக்கு வெல்டிங் வைக்கும் அண்ணன்தான் ஹவுசிங்கை ஒட்டியவர். உள்ளே நேரான தடிக் கம்பி ஒன்றைக் கோத்து, இரண்டு முனையிலும் கடைந்த வட்டுகளில் அதை உட்காரவைத்து, எதிரெதிர்ப் பக்கமாக டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) போட்டார். ஒரே பக்கமாக வைத்தால் சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு கோணும். அவர் 7018 வெல்டிங் ராடைச் சூடாக்காமல் தொடவே மாட்டார். கடல் காற்றில் ராடு ஈரம் குடித்தால் வெல்டிங்குக்குள் ஹைட்ரஜன் போய் விரிசல் விடுமாம். ராடு காயும்வரை நாங்கள் டீ குடித்தோம், மத்தி மீன் விலையில் தொடங்கி அரசியல் வரைக்கும் பேசி முடித்தோம்.

பன்ஹார்ட் ராடு பற்றிச் சண்டையே நடந்தது. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இடம் இருப்பதைப் பார்த்துக் குட்டையாக ஒன்று போடலாம் என்றான் என் மச்சான். எண்ணூர் லாரிக் கம்பெனியில் அசெம்பிளியில் இருந்த எங்கள் மாமா தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். ராடு ஒரு வட்டத்தின் துண்டைத்தான் வரையும், அதனால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது பக்கவாட்டிலும் நகரும். 900 மி.மீ. ராடு, நிற்கும்போது கிடைமட்டம் என்றால், 50 மி.மீ. ஏற்றத்துக்கு நகர்வு சுமார் 1.4 மி.மீ. அதையே 450 ஆக்கினால் இரண்டு மடங்கு. மச்சான் அடங்கிவிட்டான். டிஃபரன்ஷியல் மேலே ஏற இடம் வேண்டுமென்று பின் சீட்டுத் தகட்டையும் வெட்டவேண்டி வந்தது. அதை அழகாக மடித்துத் தந்த டிங்கர் தம்பிக்கும் நன்றி.

ஸ்பிரிங் சுற்றித் தந்த மூலக்கடைக்காரர் ஒரு விஷயத்தில் காப்பாற்றினார். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 இருந்தால் நன்றாக இருக்குமே என்றேன். மற்ற அளவுகள் மாறாவிட்டால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடும், முதுகெலும்புதான் போகும் என்றார். 12லேயே நின்றோம்.

மாதவரத்தில் லாரி புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) பேலன்ஸ் செய்பவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. முன்பு டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டியிருந்தது, இப்போது ஆக்ஸிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதனால் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்டை அவர்தான் வைத்துத் தந்தார். கியர்பாக்ஸும் பினியனும் (அந்தத் தண்டு டிஃபரன்ஷியலில் சேரும் பல்சக்கரம்) ஒரே போக்கில் இணையாக இருக்கிறதா என்று ஆங்கிள் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் போல்டை இறுக்க விட்டார். அதிர்வே இல்லை.

கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், சேஸிஸ் நிறுத்த வாசலை விட்டுத் தந்த ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கும் நன்றி. கிரீஸ் கறை போன பிறகுதான் அட்வான்ஸ் பற்றிப் பேசுவேன்.

அப்புறம் பெரியவரே, உங்கள் டயல் கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆக்ஸில் ஆயிலை ஒரு தடவை மாற்றி, கிரவுன் பினியன் பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வு) மறுபடி பார்த்துவிட்டு வரும் ஞாயிறு கொண்டு வருகிறேன்.