அம்மா காது வேற, உன் காது வேற

பாப்பா,

நீ வாட்ஸ்அப்ல அனுப்புன ஆடியோகிராமை, அதான் காது எவ்ளோ கேக்குதுன்னு கோடு போட்டு காட்டற சீட்டை, கண்ணாடி போட்டுகிட்டு ரெண்டு மூணு தடவை பாத்தேன். ஒரே காது வியாதி, ஒரே ஆபரேஷன், உனக்கு நல்லா கேக்குது சித்திக்கு மட்டும் ஏம்மா சரியா வரலன்னு கேட்டியே, அதுக்கு பதில் அந்த சீட்டுலயே இருக்கு.

ரெண்டு கோடு இருக்குல்ல, ஒண்ணு காத்து வழியா கேக்கறது, இன்னொண்ணு மண்டை எலும்பு வழியா நேரா உள்காதுக்கு கேக்கறது. ஸ்கூல்ல காதுக்குள்ள இருக்கற குட்டி எலும்புங்க சுத்தி, அங்கவடின்னு படிச்சியே, அந்த அங்கவடி இறுகிப்போனதாலதான் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல அவ்ளோ இடைவெளி, அங்கவடிக்கு பதிலா பிஸ்டன்னு ஒரு குட்டி தண்டு வச்சு டாக்டர் சரிபண்றது அந்த இடைவெளிய மட்டும்தான். எலும்பு கோடே கீழ கெடந்தா அது உள்காது சமாச்சாரம், அத கத்தி வச்சு ஏத்த முடியாது. எனக்கு அது நல்லா இருந்துச்சு, சித்திக்கு அப்பவே எறங்கிப்போச்சு, அதனால இடைவெளி மூடியும் இன்னைக்கு வரைக்கும் மெஷின் போட்டாதான் அவளுக்கு டிவி. டாக்டரை திட்டி தீத்தா, பாவம் அந்த மனுஷன்.

உன்னோடதுல 2000 ஹெர்ட்ஸ் கிட்ட எலும்பு கோடு லேசா குழிஞ்சிருக்கு, அத பாத்து பயந்துடாத, அது உள்காது கெட்டதால இல்ல, அங்கவடி இறுகினாலே அப்படி காட்டும், ஆபரேஷனுக்கப்புறம் பெரும்பாலும் ஏறிடும்.

ஆஸ்பத்திரி எவ்ளோ பெருசுன்னு பாக்காத, இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்கன்னு டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளு. கை பழகினவங்க பண்ணா 10ல 9 பேருக்கு இடைவெளி 10 டெசிபெலுக்குள்ள வந்துடும்னு எங்கிட்ட சொன்னாங்க, 100ல ஒருத்தருக்கு அந்த காது சுத்தமா போயிடலாம்னும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க. அதனாலதான் மோசமான காதுல முதல்ல பண்றது. அப்புறம் சிலது தெறந்து பாத்தாதான் தெரியும், அங்கவடியோட தட்டு ரொம்ப தடிச்சிருக்கலாம், முகநரம்பு குறுக்க தொங்கலாம், அதுக்கு யாரு என்ன பண்ண முடியும். முதல் தடவையே ஒழுங்கா அமையணும் பாப்பா, என் இடது காதுல பிஸ்டன் நகந்து மறுபடி தெறந்தாங்களே, அது வலது காது மாதிரி வரவே இல்ல.

ஆபரேஷனுக்கப்புறம் நாக்குல ஒரு பக்கம் கொஞ்ச நாள் ருசி கெட்டுப்போகலாம், என் ரசத்துல உப்பு போதலன்னு உங்கப்பாகிட்ட சண்டை போட்டேனே அது அப்பதான். காதுல வச்ச பஞ்சை எடுத்தப்போ என் வளையல் சத்தமே எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு.

டாக்டர் சொல்ற வரைக்கும் மூக்கை பலமா சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயை தெறந்து தும்மணும், பிளைட்ல ஏறக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. குட்டிப்பயலும் வெயிட்தான், அவன் இப்ப 14 கிலோ. தேதி குறிச்சதும் சொல்லு, ஒரு வாரம் முன்னாடியே டிரெய்ன்ல வந்துடறேன், அவனை நான் தூக்கிக்கறேன்.

அம்மா